சாம்பல் நாட்டு ரேடியோ

பொழுது சாய்ந்து, லயத்து வரிசை வீடுகளில் விளக்குப் போடுகிற நேரம்... நாவலப்பிட்டியிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டத்து ரோடு. மழை விட்டு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் இப்போது பஸ் ஓடுவதில்லை. ஓட்டோக்காரர்கள்கூடப் பாலத்தடியில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் மேலே ரோடு முடிந்துவிடுகிறது. பாதி மலை இறங்கி வந்து அதை மூடிவிட்டது.

அந்த ரோட்டில் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். தோளில் ஒரு மம்பட்டி. ஒரு காலில்தான் செருப்பு. மற்றது எங்கே கழன்றது என்று அவனுக்கே தெரியாது. ஓடிக்கொண்டே ஏதோ பேசினான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆள் அதைக் கேட்டிருக்கிறார்.

"வந்துட்டேன்... வந்துட்டேன்... பேசாம இரு... மூச்ச வீணாக்காத..."

ரோட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

ஸிபான், வேன் ஹெட்லைட்டை அணைத்துவிடு, பெட்டரி போய்விடும். மண்ணை அள்ளி ரோட்டைத் திறக்க எப்படியும் விடியும். கலகெதரையையும் தாண்டி வந்து, வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் மாட்டிக்கொண்டோம்... என்ன செய்வது. பின்சீட்டுப் பக்கம் ஒழுகுகிறது, எல்லாரும் முன்னுக்கு நெருங்கி உட்காருங்கள்.

இது நம் நிலூஷாவின் பெரியம்மா மகனுக்கு நடந்தது. ஆமாம், கந்தோரில் என் பக்கத்து மேசை நிலூஷாதான். இன்றைக்கு அவள் லீவு. அவள் இந்த வேனில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"நானா, பேய்க் கதையென்டா நான் எறங்கி நடந்துருவேன்," என்கிறாள் றுமைஸா.

இறங்கி எங்கே போவாய், இந்த இருட்டில்? கேள்.

அவன் பெயர் அஜந்தன். கண்டியில் பளீல் என்பவருடைய கடையில் ஃபோன், லெப்டொப் திருத்துகிற வேலை. கட்டுகஸ்தோட்டையில் நிலூஷாவின் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தான். அம்மா ஞானேஸ்வரியும் அண்ணன் தவசீலனும் தோட்டத்தில். அப்பா இல்லை. கொழுந்து லொறி ஓட்டித் தம்பியைப் படிக்கவைத்தது சீலன்தான்.

சீலனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கம்ப்யூட்டர் கேம். கண்டியில் யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, லயக் காம்பராவில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அதில் ஒரே ஒரு கேம்தான் ஒழுங்காக ஓடும். ஆங்கிலத்தில் நீளமான பெயர். அண்ணனும் தம்பியும் அதைச் 'சாம்பல்' என்றுதான் சொல்வார்கள். அணுகுண்டு விழுந்து உலகம் முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு நடக்கிற கதை. மரமெல்லாம் கரி. ஆறெல்லாம் விஷம். நிலத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஒருவன் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு மேலே வருகிறான். அவன்தான் நாம். எங்கே போவது, யாரோடு சேர்வது, யாரைக் காப்பாற்றுவது, யாரை விட்டுவிட்டு நடப்பது... எல்லாம் நம் இஷ்டம்.

அவன் கையில் ஒரு ரேடியோ. வெறும் சாம்பல் வெளியில் நடந்துகொண்டே இருப்போம்... திடீரென்று இரைச்சலுக்குள் ஒரு குரல் வரும். யாராவது இருக்கிறீர்களா, உதவி செய்யுங்கள் என்று. அந்தப் பக்கம் போகப் போகக் குரல் தெளியும். விலகினால் மங்கும். அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்தால், அநேகமாக ஒரு அறை. ஒரு எலும்புக்கூடு. பக்கத்தில் ரேடியோ மட்டும் செத்தவனுடைய குரலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அஜந்தன் சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறான். சீலன் அவன் தலையில் கை வைத்துச் சொன்னானாம்: "நாம லேட்டு, அஜா. இந்தக் கேம்ல நாம எப்பவுமே லேட்டுத்தான்."

அந்தக் கேமுக்குப் பிறகு மூன்று எக்ஸ்பென்ஷன் வந்தது. அதே உலகத்துக்குப் புதிதாக இடங்களும் கதைகளும் சேர்க்கிற சீடித் தட்டுகள். ஒன்றில் பனிமலை. ஒன்றில் வற்றிப்போன உப்பு ஏரி. இரண்டையும் விளையாடி முடித்தார்கள். மூன்றாவது, சுரங்கம். அந்தத் தட்டில் கீறல் விழுந்திருந்தது, ஏறவே இல்லை. மேப்பின் மூலையில் சுரங்கத்து வாசல் தெரியும். ஆனால் மூடியிருக்கும். தங்கள் ஆளை அந்த வாசலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சேவ் பண்ணிவிட்டு எழுந்தார்கள். பிறகு ஓ.எல். பரீட்சை, வேலை, கண்டி... அப்படியே விட்டுப்போனது.

பிறகு அந்த மழை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிருந்தார்கள். சீலன், "மாட்ட அவுத்துவுட்டுட்டு வந்துர்றேம்மா," என்று கீழே இறங்கினான். அவ்வளவுதான். லயம் இருந்த இடத்தில் தேயிலையும் பாறையும் மரமும் தகரமும் பிசைந்த சேறு மட்டும் இருந்தது. சரிவில் அகப்பட்ட மற்ற எல்லாரையும் எடுத்துவிட்டார்கள்... உயிரோடும், உயிரில்லாமலும். சீலனை மட்டும் காணவில்லை.

ரோடெல்லாம் அறுந்து கிடந்தது. அஜந்தன் கம்பளை வரைக்கும் ஒரு லொறியில் தொங்கிக்கொண்டு வந்து, மீதியை நடந்தே கடந்து, நாட்கள் கழித்துத்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் பெக்கோ மெஷின் தோண்டிக்கொண்டிருந்தது. மேலே மலை இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. தோண்டுகிறவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இனி உயிரோடு கிடைக்க வழியில்லை தம்பி, மேலே இருப்பதும் வரப்போகிறது, தோண்டுகிற என் பிள்ளைகளும் மண்ணுக்குள் போய்விடுவார்கள், நிறுத்தட்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷன். கேட்கும்போது கண் கலங்கியிருந்தது.

அஜந்தன் தலையாட்டினான்.

மெஷின் நின்றது. அந்த அமைதியைப் பற்றித்தான் பிறகு நிலூஷாவிடம் அடிக்கடி சொல்வானாம். அவ்வளவு பெரிய சத்தம் நின்ற பிறகு, அந்த மலையில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை என்று.

தப்பியவர்களைப் பக்கத்து மலையில் இருந்த பழைய லயத்தில் குடிவைத்தார்கள். அம்மாவும் அங்கே போனார். கண்டிக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. கருமாதி செய்யவும் விடவில்லை. "எம்புள்ளைய கண்ணால பாக்காம நான் ஒன்னும் செய்யமாட்டேன்." அதற்கு மேல் அவரோடு யாராலும் பேச முடியவில்லை.

மாதங்கள் போயின. அஜந்தன் மெலிந்துபோனான். கடைக்குப் போவான், வருவான். அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தானாம். எப்போதோ உதிரிப் பாகத்துக்காகக் கண்டிக்குக் கொண்டுவந்தது. அதற்குள் அந்த சேவ் அப்படியே இருந்தது. கேமில் தங்கள் ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சீலன்-அஜா'.

அந்தக் கேம் இப்போது இன்டர்நெட்டில் எக்ஸ்பென்ஷன்கள் எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. லெப்டொப்பில் இறக்கிக்கொண்டான். முதல் சில நாட்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பையன் சிரித்தான். சாப்பிட்டான். நிலூஷாவைக் கூப்பிட்டுக் காட்டினான். பழைய கேம் அல்லவா... ஆட்களின் முகமெல்லாம் மரக்கட்டை மாதிரி இருந்ததாம், நடந்தால் கால் நிலத்தில் படவில்லையாம். அவனுக்கு அது எதுவும் தெரியவில்லை. பனிமலையில், சீலன் பயந்துபோய்க் கீபோர்டைத் தட்டிவிட்ட இடத்தைக் காட்டினான். உப்பு ஏரியில், ஒரு கிழவனைச் சாகவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனதற்காகச் சீலன் ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டதைச் சொன்னான். ஒவ்வொரு கல்லும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

பிறகு அந்தப் பழைய சேவைத் திறந்தான். ஆள் அதே இடத்தில் நின்றான், சுரங்கத்து வாசலுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. வாசல் இப்போது திறந்திருந்தது.

அது ராத்திரி அல்ல, கேளுங்கள். பட்டப்பகல். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். ரோட்டில் பேக்கரிச் சாமான் விற்கிற சூன்பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. அவன் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினான். திரையில் எழுத்து வந்தது. புதிய அலைவரிசை. ரேடியோவைத் திருப்பினான். ஆங்கிலத்தில் ஒருவன் பேசினான். சுரங்கத்தில் அகப்பட்டிருக்கிறேன், யாராவது வாருங்கள்... கேமில் உள்ளதுதான். பேசி முடிந்ததும் இரைச்சல். மறுபடி முதலிலிருந்து அதே பேச்சு.

அந்த இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம்...

தகரத்தில் மழை. லயத்துத் தகரத்தில் விழுகிற மழை. பிறகு ஏதோ சொட்டுகிற சத்தம். பிறகு ஒரு இருமல். அவனுக்குத் தெரிந்த இருமல்.

இன்னும் கொஞ்சம் உள்ளே நடத்தினான். குரல் தெளிந்தது.

"அஜா... இங்கிட்டு காத்து இருக்கு. கொஞ்சம் இருக்கு."

அவன் லெப்டொப்பை மூடிவிட்டு வெளியே ஓடினான். நிலூஷா அறைக்குள் போய் லெப்டொப்பைத் திறந்து கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த அறை... மீன் பொரிக்கிற வாசம் அங்கே இல்லையாம். பச்சை மண் வாடை. முறிந்த யூக்கலிப்டஸ் மரத்து வாடை. ஜன்னலைத் திறந்துவிட்டும் போகவில்லை.

அடுத்த நாள் அவன் லெப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோனான். பளீல் நானா மெஷினை நம்புகிறவர், மற்றதையெல்லாம் நம்பாதவர். கேமுக்குள் இருக்கிற ஒலிகளையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து எடுத்து, அந்தச் சுரங்கத்து ரேடியோவின் ஒலியை ஸ்பீக்கரில் போட்டார். ஆங்கிலப் பேச்சு, இரைச்சல். அவ்வளவுதான். "பாரு தம்பி, இதுக்குள்ள வேற ஒன்டும் இல்ல. ஒனக்கு ஒறக்கமில்ல, அதான்," என்றார்.

"கேமுக்குள்ள கேளுங்க, நானா."

கேட்டார். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே கேட்டார். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார்.

"என்ன கேட்டிச்சி?" என்றான் அஜந்தன்.

"பெக்கோ ஓடுற சத்தம்," என்றார் பளீல். "மேல எங்கயோ. அடியில ஒரு ஆள் கத்துறார். இத இனி என்ட கடைக்குக் கொண்டு வராத மகன். அல்லாஹ்வுக்காகச் செல்றேன்."

அதோடு அஜந்தன் வேலைக்குப் போகவில்லை.

அவன் கண்டுபிடித்தது இதுதான். அந்தக் குரல் கேமில் உள்ள குரல் மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. முன்னே போய்க்கொண்டிருந்தது. லெப்டொப்பை அணைத்துவைத்தாலும் அது அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி போடும்போது குரல் இன்னும் களைத்திருக்கும். ஒரு முறை அணைத்துவிட்டுத் தூங்கியெழுந்து வந்தான். அந்த நேரத்தில் அண்ணன் என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை.

சுரங்கத்தின் கடைசிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு இரும்புக் கதவு. மேப்பில் அம்புக்குறி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் காட்டியது. திறக்கப் போனால் எழுத்து வரும்: இந்தக் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். வெடி வைத்துப் பார்த்தான். சாவி தேடினான். அந்தக் கேமை விளையாடியவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தான். அந்த இடத்தில் ஒரு கதவு இருப்பதாகவே யாரும் எழுதவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் சீலன் பேசினான்.

"கால் மாட்டிக்கிட்டிருக்கு. வலி இல்ல இப்ப... ஆளுங்க பேசுறது கேக்குது. மெஷின் அந்தப் பக்கமா தோண்டுறாங்க. நான் இங்கிட்டு இருக்கேன். கத்துறேன்... கேக்கல போல."

அஜந்தன் திரையைப் பார்த்துக் கத்தினான். கேட்காது, தெரியும். பிறகு என்ன தோன்றியதோ... கேமில் தன் ஆளின் கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து, அந்தக் கதவில் ஓங்கி அடித்தான். டங். டங். டங்.

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. இருமல்கூட நின்றது.

"தட்டுறாங்க..." என்றது குரல். "அய்யோ சாமி... யாரோ தட்டுறாங்க. வந்துட்டாங்க."

பிறகு கல்லால் தட்டுகிற சத்தம். டொக். டொக். டொக்.

நிலூஷா சொன்னாள், அந்த நேரம் அஜந்தன் சிரித்தானாம். அழுதுகொண்டே சிரித்தானாம். ராவும் பகலும் கம்பியால் அடித்துக்கொண்டே இருந்தான். அங்கிருந்து கல் பதில் சொன்னது. கைவிரல் வீங்கிப்போனது. சாப்பாட்டை அவள் ஊட்டிவிட்டாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, கேமில் ஒருவன் கதவை அடிப்பதுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த மண் வாடை இருந்ததால் அவளால் அவனைப் பைத்தியம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு மத்தியானம் குரல் சொன்னது:

"மெஷின நிப்பாட்டிட்டாங்க."

அஜந்தன் கம்பியை நிறுத்தினான்.

"ஏன் நிப்பாட்டுனாங்க... சாப்பிடப் போயிருப்பாங்க." சொட்டுகிற சத்தம். பிறகு, "மெஷின் மேல ஏறிப் போற சத்தம் கேக்குதே. அஜா... அவங்க போறாங்களா?"

தலையாட்டியது யார் என்று அஜந்தனுக்குத் தெரியும். எந்த நிமிஷத்தில் என்றும் தெரியும். அவன் அப்போது அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றான். காலுக்குக் கீழே...

றுமைஸா, அழாதே. சொல்லி முடித்துவிடுகிறேன். பாதியில் விட்டால் இன்னும் மோசம்.

அதற்குப் பிறகு குரல் அதிகம் பேசவில்லை. மூச்சுத்தான். ஒரு தடவை மட்டும், தூக்கத்தில் பேசுகிற மாதிரி, "தலைக்கு மேல தண்ணித் தொட்டி. சொட்டுச் சொட்டா விழுது. நாக்குல புடிச்சிக்கிறேன்," என்றது.

தண்ணீர்த் தொட்டி! தொட்டி லயத்தின் மறுகோடியில் அல்லவா இருந்தது. சீலன் மாட்டுப்பட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. எல்லாரும் தோண்டியது வேறு இடத்தில்.

அஜந்தன் எழுந்தான். நிலூஷாவின் அப்பா வீட்டுத் தோட்டத்துக்கு வைத்திருந்த மம்பட்டியை எடுத்தான். மாதக்கணக்காகிவிட்டது, செத்துப்போனவனைத்தான் தோண்டப் போகிறாய் என்று நிலூஷா சொன்னாள். அவனுக்கு ஏறவில்லை. மூச்சு கேட்கிறதே! "நீ இங்கயே இரு, நிலூ. அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு. தனியா வுட்டுறாத," என்று சொல்லிவிட்டு ஓடினான். பஸ்ஸில் மம்பட்டியோடு நின்றான். பிறகு ஓட்டோ பிடித்துப் பாலத்தடியில் இறங்கினான். அப்புறம் அந்த ரோடு... முதலில் சொன்னேனே.

நிலூஷா ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அந்த லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்டது ஆங்கிலப் பேச்சும் இரைச்சலும் மட்டும். என்ன பேசினாய் என்று நான் கேட்டேன். என்ன பேச? கிரிக்கெட் மேட்ச் பற்றிச் சொன்னாளாம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாளாம். சின்ன வயதில் சீலண்ணா லொறியின் முன்சீட்டில் தன்னை ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னாளாம். கேட்கிறதா இல்லையா என்று தெரியாத ஒருவரோடு, விடிய விடியப் பேசினாள்.

அங்கே அவன் தோண்டினான். பனிக்குள் ஒற்றை டோர்ச் வெளிச்சம் தெரிந்ததைப் பார்த்துப் பக்கத்து மலை லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். மூக்கையா என்று ஒருவர், சீலனோடு லொறியில் வேலை செய்தவர். தடுத்துப் பார்த்தார்கள். கடித்தானாம். கடைசியில் மூக்கையா, "சரி வாங்கடா, ஒரு கை புடிங்க," என்றார். ஆளுக்கொரு மம்பட்டி எடுத்தார்கள். வெளிச்சம் வருகிற நேரம் மம்பட்டி கொங்கிரீட்டில் பட்டது. தொட்டி உடைந்து, அதன் ஒரு பக்கச் சுவர் சாய்ந்து, கூரை மாதிரி நின்றது. அதைப் புரட்டினார்கள்.

அடியில் ஒரு பொந்து. ஒரு ஆள் உட்காரலாம்.

உட்கார்ந்திருந்தான். முதுகைச் சுவரில் சாய்த்து, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி. நான் அதற்கு மேல் சொல்லவில்லை. வலது கையில் ஒரு கல். கல்லின் ஒரு முனை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

அந்த நேரம்தான், கட்டுகஸ்தோட்டையில், ஆங்கிலப் பேச்சு பாதிச் சொல்லில் நின்றது. இரைச்சலும் நின்றது. முதன்முதலாக நிலூஷாவுக்கு ஒரு குரல் கேட்டது. காதுக்குள், மிகக் கிட்டத்தில்.

"சரி... போதும்மா."

அறையில் மண் வாடை இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். தோட்டமே வந்தது. எல்லாம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, அஜந்தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நிலூஷாவும் அங்கே இருந்தாள். சொல்ல வேண்டிய பொய்யை அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான்.

"டொக்டர் சொன்னாரும்மா... ஒடனேயே உசுரு போயிருச்சாம். வலியே தெரிஞ்சிருக்காதாம்."

ஞானேஸ்வரி அம்மா அவன் வீங்கிய விரல்களைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா," என்றார். "மெஷின் ஓடுன அத்தன நாளும் கேட்டுச்சு. அம்மா அம்மான்னு. அங்கிட்டு இல்லய்யா, தொட்டிப் பக்கம்னு மெஷின்காரங்க கால்ல விழுந்தேன். அழுவாதீங்கம்மான்னு தேத்தண்ணி குடுத்து உக்கார வச்சாங்க."

"நான் வந்தப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா..."

"சொல்லத்தான் ஓடியாந்தேன். அதுக்குள்ள நீ தலையாட்டிட்ட."

பிறகு அஜந்தன், எங்களோடு கண்டிக்கு வந்துவிடுங்கள், இனி இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டான். அவர் மாட்டேன் என்றார். இன்னும் கேட்கிறது என்றார்.

"அண்ணன் சத்தமா?"

"அவன் சத்தம் நின்னுருச்சு. இது ஒரு பொம்பளப் புள்ள. எம்பேரு தேனுகாங்குது. தூக்கிவுடுங்கன்னு கூப்புடுது."

சரிவில் அப்படி யாரும் காணாமற்போகவில்லை. தேனுகா என்று ஒரு பிள்ளை இருப்பது உண்மைதான். அந்தப் பழைய லயத்தில், அம்மாவின் காம்பராவுக்கு இரண்டு கதவு தள்ளி. உயிரோடு, துள்ளிக்கொண்டு, தினமும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதுகூட வாசலில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்தும்மா கேக்குது?"

அம்மா சரிந்த மலையைக் காட்டவில்லை. உட்கார்ந்திருந்த தரையில் உள்ளங்கையை வைத்தார்.

அந்தப் பக்கத்தில் மண் இன்னும் சரியவில்லை.

அஜந்தன் தேனுகாவின் தகப்பனிடம் போனான். என்ன சொல்ல முடியும் அவனால்? சொன்னான். அந்த மனுஷன் கோபப்படவில்லை. "எங்க தம்பி போகச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார். தோட்டத்துப் பெரியவர்களிடம் போனான், அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனான். மலையை அளந்து பார்க்க ஆள் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. அம்மா அங்கேயே இருக்கிறார். அஜந்தனும் கடையை விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டான். மழை இருட்டினால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறானாம். ஒவ்வொரு மழைக்கும். லயத்தில் சிரிக்கிறார்கள்.

எப்போது நடக்கும் என்று கேட்டதற்கு அம்மா ஒன்றுதான் சொன்னார். கூப்பிடுகிற பிள்ளை பேசும்போது காற்றுக் காற்றாக வருகிறதாம். முன்பல் விழுந்த பிள்ளை பேசுகிற மாதிரி. அஜந்தன் அன்றைக்கே தேனுகாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். எல்லாப் பல்லும் வரிசையாக இருந்தது. அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நிலூஷா போன கிழமை பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். தேனுகா ஓடி வந்து, அக்கா இங்க பாருங்க என்று வாயைத் திறந்து, நாக்கால் தள்ளிக் காட்டினாளாம்.

முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியிருக்கிறது.